சிவக்காத குடை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது முன்னூறு குடைகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசும் வேலை என்னிடம் வந்தது.

நிஜக் குடைகள் இல்லை. புத்தகத்துக்குள் இருக்கும் குடைகள்.

மைசூரு மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. வாசல் அறையில் கடை. நடு அறையில் அச்சு இயந்திரம். அதற்குப் பின்னால் சமையலறை. எங்கள் வீட்டில் சாம்பார் வாசனையையும் மை வாசனையையும் பிரிக்கவே முடியாது.

வாசலில் ஒரு பலகை தொங்கும். 'மரவட்டை பதிப்பகம்' என்று அதில் அப்பா தன் கையாலேயே எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு மரவட்டைப் படம்.

"ஏனுங்க, வேற பேரே கெடைக்கலீங்களா?" என்று அம்மா மாதம் ஒரு தடவையாவது கேட்பாள்.

"மரவட்டை மெதுவாத்தான் போகும் புள்ள. ஆனா நிக்காம போகும்" என்பார் அப்பா.

"தொட்டாச் சுருண்டுக்கும். அதையும் சொல்லுங்க."

அப்பாவின் பெயர் ரத்தினவேல். அம்மா பஞ்சவர்ணம். இருவரும் தமிழ் பேசும் எல்லையோர ஊரான கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்தவர்கள். அப்பா கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அச்சடிப்பார். மிச்ச நேரத்தில் தமிழ்ப் புத்தகம் போடுவார். வருடத்துக்கு நாலு. ஒன்று கதை, ஒன்று கவிதை, ஒன்று படப் புத்தகம். நாலாவது என்னவென்று டிசம்பர் வரை அப்பாவுக்கே தெரியாது.

அந்த வருடம், 1996-இல், கவிதைப் புத்தகம் எழுதியவர் ஒரு ரயில்வே கார்டு. கதைப் புத்தகம் எழுதியவர் ஒரு நர்ஸ். படப் புத்தகம் மட்டும் வீட்டுத் தயாரிப்பு. படம் வரைந்தது அம்மா. கதை சொன்னது அப்பா.

சந்தையில் மழை. ஒரு ஆட்டுக்குட்டி தொலைந்துபோகிறது. எங்கே பார்த்தாலும் குடைகள். தன் குட்டி பிடித்திருந்த சிவப்புக் குடையை வைத்துத் தாய் ஆடு அதைக் கண்டுபிடிக்கிறது. இவ்வளவுதான் கதை. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே கன்னடத்தில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி.

எங்கள் இயந்திரம் கறுப்புக் கோடு மட்டும்தான் அடிக்கும். வண்ணம் நாங்கள் கையால் பூச வேண்டும்.

அதற்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். பழைய எக்ஸ்ரே படங்களை வாங்கி வந்து, அதில் குடையின் வடிவத்தில் ஓட்டை வெட்டுவார். அதைப் படத்தின் மேல் சரியாக வைத்து, பஞ்சில் சிவப்பைத் தொட்டு ஒற்றினால் போதும். எடுத்துப் பார்த்தால் குடை சிவந்திருக்கும். ஓட்டையைச் சுற்றி யாருடைய விலா எலும்போ மங்கலாகத் தெரியும்.

புல்லுக்குப் பச்சை பூசுவது அம்மா. குடைக்குச் சிவப்பு நான். பத்துப் புத்தகங்களைத் தரையில் விரித்து வைத்து ஒரு பக்கம் பூசுவேன். அது காய்ந்த பிறகு அடுத்த பக்கம். அவசரப்பட்டு மூடினால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். நகத்தில் சிவப்பு இருந்தால், "மருதாணி" என்பேன்.

காரணம் அனகா.

அனகா என் வகுப்பில் முதல் பெஞ்சு. அவள் மாமா அமெரிக்காவிலிருந்து அனுப்பும் புத்தகங்களை வகுப்புக்குக் கொண்டுவருவாள். தொட்டால் வழுக்கும் காகிதம். ஒரு பக்கத்தில் முப்பது வண்ணம் இருக்கும். "கை கழுவிட்டுத் தொடுங்க" என்பாள். நாங்களும் வரிசையில் நின்று கை கழுவிவிட்டுத் தொடுவோம்.

எங்கள் புத்தகத்தில் இருந்ததே இரண்டு வண்ணம். காகிதம் வழுக்காது. சொரசொரவென்று இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மதியம். வாசல் அறையில் பத்துப் புத்தகங்களை விரித்து, பாதி வரைக்கும் பூசியிருந்தேன். அப்பா கல்லாப் பெட்டிக்குப் பின்னால் அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். லுங்கி, மைக் கறை படிந்த பனியன், காதில் ஒரு பென்சில்.

வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. அதிலிருந்து அனகாவும் அவள் அம்மாவும் இறங்கினார்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பத்துப் புத்தகங்களையும் படபடவென்று மூடினேன். விற்பனைக்குத் தயாராக இருந்த அடுக்கின் மேல் திணித்தேன். எக்ஸ்ரே படத்தைப் பாய்க்கு அடியில் தள்ளினேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றேன்.

"ஏய் மகி! நீ இங்கே என்ன பண்றே கணே?" என்றாள் அனகா. நாங்கள் பேசியது கன்னடத்தில். அங்கே தோழியைக் கூப்பிட 'கணே' என்பார்கள்.

"நோட்டு வாங்க வந்தேன்."

"இது யாரோட கடை?"

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"தெரியாது" என்றேன்.

அப்பா இறந்து இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஒரு நொடியில் அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தது.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். மறுபடி காதிலேயே வைத்தார்.

"நோட்டு இங்கே இல்லை பாப்பா. எதிர்க் கடையில் கேட்டுப் பார்" என்றார், ஒரு வாடிக்கையாளரிடம் சொல்வது போலவே.

நான் என் வீட்டை விட்டு வெளியே வந்தேன். கல் சூடாக இருந்தது. அப்போதுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. எதிர்க் கடைக்காரர், "என்ன மகி, அப்பாவுக்கு வெற்றிலையா?" என்றார். நான் "உஷ்" என்றேன். ஆட்டோ போகும்வரை அவர் கடை வாழைத் தாருக்குப் பின்னால் கால் மாற்றிக் கால் நின்றேன்.

திரும்பி வந்தபோது அப்பா மறுபடி அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அவர்கள் அனகாவின் அண்ணனுக்கு உபநயனப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருந்தார்கள். போகும்போது அனகா ஒரு படப் புத்தகமும் வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

அடுக்கில் மேலே இருந்த புத்தகம்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொன்னார். "வர்ற சனிக்கிழமை புள்ள பள்ளிக்கூடத்துல புத்தகக் கண்காட்சி இருக்குதல்ல, அதுக்கு மல்லப்பனை அனுப்பி வெக்கறேன். எனக்கு இங்க வேலை கெடக்குது."

மல்லப்பண்ணா எங்கள் அச்சு இயந்திரத்தை ஓட்டுபவர்.

"என்னங்க இது? ஒரு மாசமா அதே பேச்சா இருந்தீங்க. வெள்ளைச் சட்டையைக் கூட எடுத்துத் தேச்சு வெச்சிருக்கறேன்!" என்றாள் அம்மா.

உண்மைதான். மேசையில் எதை எங்கே வைப்பது என்று அப்பா தரையில் சாக்பீஸால் கோடு போட்டே பார்த்திருந்தார். கதைகள் இடது பக்கம். கவிதைகள் வலது பக்கம். படப் புத்தகங்கள் முன்னால், சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற மாதிரி.

"வேலை கெடக்குதுன்னு சொல்றேனல்ல" என்றார் அப்பா. என் பக்கம் பார்க்கவில்லை.

மல்லப்பண்ணா திகைத்துப்போனார். "அய்யோ சிவனே! நானா? எனக்கு மெஷின் பாஷைதான் சார் வரும். கவிதை என்ன விலைன்னு யாராச்சும் கேட்டா நான் நடுங்கிப்போயிடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்பா ஏன் வரவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை காலை அனகா வகுப்பில் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"இங்கே பாருங்க! 'சிவப்புக் குடை எங்கே?'ன்னு எழுதியிருக்கு. குடை எப்படி இருக்கு? வெள்ளையா இருக்கு! பாதிக் குடைக்கு வண்ணமே இல்லை!"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தப் பக்கத்தைப் பாருங்க. ஆட்டுக்கு மூக்குல ரத்தம் வருது!"

நான் ஈரத்தோடு மூடிய பக்கம் அது. குடையின் சிவப்பு எதிர்ப் பக்கத்து ஆட்டுக்குட்டியின் முகத்தில் ஒட்டியிருந்தது.

வகுப்பே சிரித்தது. அர்ஜுன் மூக்கைப் பிடித்துக்கொண்டு "மே... மே..." என்று கத்தினான்.

"அந்தக் கடைக்காரர் என்னை ஏமாத்திட்டார். சனிக்கிழமை அவங்களும் மேசை போடறாங்களாம். யாரும் அங்கே போகாதீங்க. சரியா? மகி, நீயும் அங்கேதானே நோட்டு வாங்கப் போனே? நல்லவேளை, வாங்கலே" என்றாள் அனகா.

நான் தலையை ஆட்டினேன்.

ஆமாம். தலையை ஆட்டினேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

வீட்டுக்குப் போனதும் அடுக்கிலிருந்து மிச்சம் ஒன்பது புத்தகங்களையும் எடுத்தேன். எல்லாவற்றிலும் ஆட்டின் மூக்கு சிவந்திருந்தது. வெள்ளையாக இருந்த குடைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகச் சிவப்புப் பூசினேன். மூக்கை ஒன்றும் செய்ய முடியவில்லை. அழிப்பானால் தேய்த்தால் காகிதம் கிழிந்தது.

ஒரு புத்தகத்தில் வெறுத்துப்போய், அந்தச் சிவப்புக் கறையைச் சுற்றி நாலு இதழ் வரைந்தேன். ஒரு காம்பும் போட்டேன். ஆட்டுக்குட்டி வாயில் செம்பருத்திப் பூவைக் கவ்விக்கொண்டிருப்பது போல ஆகிவிட்டது. முன்பு இருந்ததைவிட நன்றாகக்கூட இருந்தது. ஒன்பது ஆடுகளுக்கும் பூ கொடுத்தேன்.

பத்தாவது ஆடு அனகாவின் பையில் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அனகாவின் அம்மா மட்டும் வந்தார். பத்திரிகையில் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வந்திருந்தார். நான் நடு அறைத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சொந்த வீட்டில் ஒளிவது எனக்குப் பழகிவிட்டது.

எல்லாம் பார்த்து முடித்த பிறகு அவர் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. என் பொண்ணு வாங்கின புத்தகத்துல பாதிக் குடைக்கு வண்ணமே இல்லை. ரெண்டு நாளா அதையே சொல்லிட்டு இருக்கா."

அப்பா சட்டென்று எழுந்து நின்றது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது.

"என் தப்பும்மா. நான்தான் பார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். வேறு ஒன்று தருகிறேன்" என்றார்.

"இருக்கட்டும், விடுங்க. சின்ன விஷயம். பத்திரிகையில மட்டும் பிழை இல்லாம பார்த்துக்குங்க."

"பார்த்துக்கொள்கிறேன் அம்மா. மன்னிக்கணும்."

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். எந்தப் புத்தகங்களை யார் அவசரமாக மூடி அடுக்கில் வைத்தார்கள் என்று அவர் கண்ணால் பார்த்திருந்தார். அவர் கை கூப்பியதைத் திரைச்சீலையின் ஓட்டை வழியாக நான் பார்த்தேன்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "புள்ளைக்குக் காய்ச்சலா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

மறுநாள் பள்ளிக்குப் போகும்போது சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று பொருள்களை வைத்தேன். ஒரு சின்னச் சிவப்பு மைக் குப்பி. பஞ்சு. நாலாக மடித்தால் உடைந்துவிடும் என்பதால் சுருட்டி வைத்த எக்ஸ்ரே படம்.

மதிய இடைவேளையில் அனகாவின் பெஞ்சுக்குப் போனேன்.

"உன் புத்தகத்தைக் கொடு."

"எதுக்கு?"

"குடைக்குச் சிவப்புப் பூசணும்."

"நீயா? உனக்கெப்படித் தெரியும்?"

ஓடிவிடலாம் என்று இருந்தது. அர்ஜுன் வேறு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுதான் என் வேலை. முன் பாதிச் சிவப்பும் நான் பூசினதுதான். நீ வந்ததும் பயந்துபோய் ஈரத்தோட மூடிட்டேன். ஆட்டுக்கு மூக்குல ரத்தம் வந்தது என்னாலதான். கடைக்காரர் யாரையும் ஏமாத்தலே."

"கடைக்காரருக்காக நீ ஏன் பேசறே?"

"அவர் என் அப்பா."

யாரோ ஒருவருடைய டிபன் மூடி கீழே விழுந்து உருண்டது.

அனகாவின் முகம் சிவந்தது. "அப்போ 'நோட்டு வாங்க வந்தேன்'ன்னு சொன்னே?"

"பொய்."

"யார் கடைன்னு கேட்டதுக்குத் 'தெரியாது'ன்னு சொன்னே. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார், மகி!"

"ஆமாம்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"செருப்புப் போடாம யாராச்சும் நோட்டு வாங்க வருவாங்களான்னு எங்க அம்மா அப்பவே கேட்டாங்க" என்றாள் கடைசியில். பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். "ம், பூசு."

எக்ஸ்ரே படத்தை விரித்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஹௌதா, அப்படியா? நிஜ எலும்பா?"

"யாரோட எலும்பு?"

"தெரியாது. ஆனா அவருக்கு ஆறு விலா எலும்பு மட்டும் பத்திரமா இருக்கு. மிச்சத்தை எங்க அப்பா வெட்டிட்டார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

படத்தின் மேல் வைத்தேன். பஞ்சால் ஒற்றினேன். எடுத்தேன். வெள்ளைக் குடை சிவந்திருந்தது.

"ஓ!" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. முப்பது வண்ணப் புத்தகத்துக்குக்கூட யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மூக்கு ரத்தத்தைச் சுற்றி இதழ் வரைந்து பூவாக்கினேன். கடைசிப் பக்கம் வந்ததும் அனகா என் கையைப் பிடித்தாள்.

"இது என் புத்தகம் கணே. இந்தக் குடை நான் பூசுவேன்."

"கை கழுவிட்டு வா" என்றேன்.

அவள் முறைத்தாள். பிறகு போய்க் கழுவிக்கொண்டு வந்தாள்.

அவள் பூசிய குடை கோட்டைத் தாண்டி வெளியே வழிந்தது. அதைத்தான் அவள் எல்லாருக்கும் காட்டினாள்.

இனி அப்பாவிடம் சொல்ல வேண்டும். அது வகுப்பில் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. வியாழக்கிழமை முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தனியாக இருந்தபோது போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நாளைக்கு நீங்கதான் வரோணும்."

"மல்லப்பன் வருவாப்பலயே கண்ணு."

"அவரு வேண்டாம். நான் கிளாஸ்ல சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நீங்க யாருன்னு."

அப்பா கையிலிருந்த அச்சுத் தாளைப் படிக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் படித்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

'மன்னிச்சிருங்கப்பா' என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அவருடைய பனியன் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சட்டை தேச்சது கலையாம இருக்குதான்னு உங்கம்மாகிட்டக் கேளு போ" என்றார்.

சனிக்கிழமை பள்ளி வராந்தாவில் ஆறு மேசைகள். அப்பாவுடையது கடைசி. மல்லப்பண்ணாவின் சைக்கிளில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெளிந்துகொண்டு நின்றார்.

நான் வருவதைப் பார்த்தார். உடனே குனிந்து, ஏற்கெனவே நேராக இருந்த கவிதைப் புத்தகங்களை மறுபடியும் நேராக்கினார். நானாகக் கூப்பிட்டால்தான் நிமிர்வது என்று இருந்தார்.

எனக்குப் பின்னால் அனகா, அர்ஜுன், இன்னும் ஒரு பன்னிரண்டு பேர்.

"அப்பா!" என்று கூப்பிட்டேன். வேண்டிய அளவுக்கு மேலேயே சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். ஆறு மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, இவங்கதான் எங்க கிளாஸ். இது அனகா."

"வாங்க, வாங்க" என்றார் அப்பா. அனகாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு அந்த நாற்காலியில் அவரே தடுக்கிக்கொண்டார்.

பிள்ளைகள் படப் புத்தகத்தை மொய்த்தார்கள். பூ வைத்த ஆடுதான் வேண்டும் என்று சண்டை போட்டார்கள். அது ஒன்பதுதான் இருந்தது. அனகாவின் அம்மா வந்து, ரயில்வே கார்டின் கவிதைகளை நின்றுகொண்டே நாலு பக்கம் படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"கண்ணு, கொஞ்ச நேரம் மேசையைப் பாத்துக்கறயா? ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்" என்றார் அப்பா.

"சரிங்கப்பா."

பக்கத்து மேசையில் தேசப்படம் விற்பவர் இருந்தார். அப்பா அவரிடம் குனிந்து, ஆனால் எனக்கும் கேட்கிற மாதிரி, "என்ற புள்ளை இருக்குது. பாத்துக்கும்" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. 'என்னோட புள்ளை' என்பதையே அப்பா கன்னடத்தில் இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் நாளுக்கு ஒரு டீக்கு மேல் தொடாதவர், அன்று மதியத்துக்குள் நாலு முறை டீ குடிக்கப் போனார். நாலு முறையும் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.